எதிர் ஜன்னல் வெளிச்சம்

மறுபடியும் வந்துவிட்டது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் குறிபார்த்து வைத்தது போல, ஒரு சாண் அகலத்தில், வெள்ளை வெளேரென்று வெளிச்சம். கண்ணாடிக்காரர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். வெளிச்சம் பனியனுக்கு இறங்கியது. படுத்தார். முகத்துக்கு ஏறியது.

"எவன்டா அது?" என்று கத்தினார்.

பக்கத்தில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். தான் விழித்திருக்கும்போது இன்னொரு ஆள் தன் வீட்டிலேயே இவ்வளவு சுகமாகத் தூங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், எழுந்திரு. இந்த அக்கிரமத்தைப் பாரு."

"என்னங்க?"

"வெளிச்சம்!"

"கண்ணை மூடிக்குங்க."

"மூடினாலும் தெரியுதுடி!"

"அப்ப திரும்பிப் படுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சுவர்ப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பிப் படுப்பதா? தன் வீட்டில், தன் கட்டிலில், மல்லாந்து படுக்கத் தனக்கு உரிமையில்லையா? யாரோ ஒரு வெளிச்சத்துக்குப் பயந்து இவர் ஒதுங்கிப் படுக்க வேண்டுமா? அவருக்கு வந்ததே ஒரு கோபம்! எழுந்து பால்கனிக்குப் போனார்.

குறுகலான தெரு. எதிர்வீட்டு மாடியில் டீச்சரின் ஜன்னல் பளபளவென்று எரிந்தது.

"டீச்சர்! டீச்சர்! லைட்டை அணைங்க!"

ரொம்ப நேரம் கழித்துத்தான் டீச்சர் எட்டிப் பார்த்தார். தலைமுடி கலைந்திருந்தது.

"என்ன சார்? என் வீட்டுல லைட்டே எரியலையே."

எரியவில்லைதான். அவர் தலைக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. வெளிச்சம் இருந்தது ஜன்னல் கண்ணாடியில். கண்ணாடிக்காரர் பால்கனிக் கம்பியில் வயிற்றை வைத்துக் கீழே குனிந்து பார்த்தார். இவர் குடியிருக்கும் கட்டடத்தின் மூலையிலேயே, பால்கனிக்குக் கீழே, புதிதாக ஒரு ஃபோகஸ் லைட் முளைத்திருந்தது. அது தெருவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து டீச்சர் ஜன்னலைப் பார்த்தது. அங்கே பட்டு, திரும்பி வந்து, இவர் தலையணையில் இறங்கியது.

இருபது வருடமாகக் கண்ணாடிக் கடையில் வெட்டுவதும் மாட்டுவதுமாக இருக்கிற மனிதர். ஊரில் பாதிப் பேர் தினமும் முகம் பார்ப்பது இவர் மாட்டிய கண்ணாடியில்தான். கடைசியில் ஒரு கண்ணாடியே தன் தூக்கத்தில் மண்ணை அள்ளிப் போடும் என்று அவர் நினைத்ததில்லை.

தூக்கம் போனால் போகட்டும் என்று விட முடியாத நிலைமை. கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. இந்த வாரம் அவர் கை நடுங்கியது. திங்கட்கிழமை காலையில் ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி குறுக்கே உடைந்து போனது. அன்று சாயங்காலமே ஒரு மேஜைக் கண்ணாடி. முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"சனிக்கிழமை அந்த அழகு நிலையத்துக் கண்ணாடி வருது," என்றார் முதலாளி, உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே. "சுவர் அகலத்துக்கு ஒரே துண்டு. வெளியூர்லேருந்து வரவழைச்சிருக்கேன். அதுல ஒரு கீறல் விழுந்துதுன்னா, நீ வேற இடம் பாத்துக்க."

இதை மனைவியிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள். அவள் பயந்தால் இவருக்கும் பயம் வந்துவிடும். கோபமாக இருப்பது அதைவிடச் சுலபம்.

காலையில் முதல் வேலையாகக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரரிடம் போனார்.

"என்ன சார் இது? என் பால்கனிக்கு அடியில என்னைக் கேக்காம லைட்டு போட்டிருக்கீங்க?"

"பாதுகாப்புக்குப் போட்டதுப்பா," என்றார் வீட்டுக்காரர். இவர் முகத்தைப் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாதுகாப்புக்குப் போட்ட லைட்டு கீழே பாக்கணும். இது மேலே பாக்குது. திருடன் என்ன பறந்தா வருவான்?"

"நான் மட்டும் போட்டிருந்தா உடனே கழட்டிடுவேன். தெருவே சேர்ந்து போட்டது. நான் எப்படிக் கை வைக்கிறது?"

"தெருவுல நானும்தானே இருக்கேன்? என்னை யாரும் கேக்கலையே!"

"நீ வேலைக்குப் போயிருந்தேப்பா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றினார்.

சரி, விளக்கைத் தொட முடியாது. கண்ணாடியைத் தொடலாமே! அதுதான் நம்ம தொழிலாயிற்றே என்று கண்ணாடிக்காரர் விறுவிறுவென்று எதிர்வீட்டு மாடி ஏறினார். ஆச்சரியம்தான், டீச்சர் ரொம்ப மரியாதையாகக் கதவைத் திறந்தார். ராத்திரி தூக்கத்தில் எழுப்பினதற்கு ஒரு முகச்சுளிப்பு கூட இல்லை.

"இந்த ஜன்னல் கதவை விரற்கடை அளவு திறந்து வைங்க, போதும்," என்றார் கண்ணாடிக்காரர். "கண்ணாடி ஒரு பங்கு திரும்பினா வெளிச்சம் ரெண்டு பங்கு திரும்பும். பக்கத்துக் காலி மனையில போய் விழட்டும். இதெல்லாம் உங்க ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களா?"

"நான் தமிழ் டீச்சர் சார்."

"அதான்."

"நீங்க சொன்ன மாதிரியே வெச்சுடறேன் சார். நீங்க கவலைப்படாம தூங்குங்க. திரும்பிப் படுத்துத் தூங்கினீங்கன்னா உடம்புக்கும் ரொம்ப நல்லதாம்."

இவருக்குத் தூங்கச் சொல்லித் தர ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அன்று ராத்திரி காற்று அடித்தது. விரற்கடை அளவு திறந்து வைத்த ஜன்னல் கதவு சும்மா இருக்குமா? ஆடியது. வெளிச்சம் முகத்தில் வந்தது, போனது. வந்தது, காதைத் தொட்டது, போனது. முன்னாலாவது ஒரே இடத்தில் கிடந்தது. இப்போது அது போனால், எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. வராமல் இருந்த நேரத்தில்தான் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"டீச்சர்! கொக்கியைப் போடுங்க!"

டீச்சர் எழுந்திருக்கவில்லை. தெருவில் ஒரு ஜன்னலும் அசையவில்லை. ஊரே செத்த மாதிரி தூங்கியது.

மறுநாள் டீச்சர் ஜன்னலைப் பழையபடி சாத்திவிட்டார். கண்ணாடிக்காரர் தன் ஜன்னலுக்கே திரை கட்டுவது என்று முடிவெடுத்தார். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து ஜன்னலை அடைத்து ஆணியடித்தார்.

"காத்தே வராதேங்க," என்றாள் மனைவி.

"காத்து வேணுமா, புருஷன் வேணுமா?"

அவள் யோசித்தாள். அவள் யோசித்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

ராத்திரி விரிப்பு முழுவதும் வெளிச்சத்தில் பால் போல நின்றது. பரவாயில்லை, கண்ணைக் குத்தவில்லை. கண்ணாடிக்காரர் நிம்மதியாக மல்லாந்து படுத்தார். கண் சொருகும் நேரம், விரிப்பில் ஒரு ஆள் நின்றான்.

தலை இல்லை. இரண்டு கையையும் அகல விரித்து, பால்கனியில் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தான். உள்ளே வர இடம் பார்க்கிறான்! கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூலையில் சாய்த்து வைத்திருந்த நீளமான இரும்பு அளவுகோலை எடுத்தார். ஒரு வாரக் கோபத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டார்.

"திருடன்! திருடன்! பிடிங்க!"

விரிப்பு கிழிந்தது. அளவுகோல் ஜன்னல் கம்பியில் பட்டு ணங்கென்று தெருவுக்கே கேட்டது. கம்பியில் கட்டியிருந்த கொடி அதிர்ந்து, திருடன் அதிலிருந்து கழன்று, கையை விரித்தபடியே தெருவில் விழுந்தான்.

"அது உங்க சட்டைங்க," என்றாள் மனைவி. "நான்தான் துவைச்சுக் காயப் போட்டேன்."

தெருவே எழுந்து வந்துவிட்டது. அத்தனை பேர் முகத்திலும் ஆத்திரம். "இப்பத்தான்யா கண்ணை மூடினோம்!" என்று மேல்வீட்டுப் பெரியவர் அழாத குறையாகக் கேட்டார். திருடன் என்று கத்தினால் தடியை எடுத்துக்கொண்டு வர வேண்டியவர்கள் இப்படித் தூக்கத்துக்கு ஒப்பாரி வைத்தால் நாடு எப்படி உருப்படும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அதை உரக்கச் சொல்லவும் செய்தார். யாரும் ரசிக்கவில்லை.

கீழே கிடந்த சட்டையை வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். மனைவி கிழிந்த விரிப்பைச் சுருட்டினாள்.

"இன்னொரு தடவை இந்த ஜன்னல்ல துணி தொங்கினா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள்.

திரையும் போயிற்று. அடுத்து என்ன? வெளிச்சத்தை நகர்த்த முடியாவிட்டால் தன்னை நகர்த்துவது. கட்டிலைத் திருப்பிப் போட்டுவிடலாம். தலைமாடு இருந்த இடத்தில் கால், கால்மாடு இருந்த இடத்தில் தலை.

இதற்கு மனைவி மறுபேச்சுப் பேசாமல் கை கொடுத்தாள். ஒரு முனையை அவளே பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ம், அங்கேயே விடுங்க," என்று இடமும் அவளே சொன்னாள். பரவாயில்லை, நமக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று கண்ணாடிக்காரர் மனம் இளகினார். அந்த வாரத்திலேயே அவர் ஒருவரிடம் கோபப்படாமல் இருந்தது அந்த நிமிடம் மட்டும்தான்.

விளக்குப் போடும் நேரம் வந்தது. வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்தது, கட்டிலைத் தாண்டியது, நேரே போய்ப் பீரோவில் விழுந்தது. பீரோக் கதவில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. கடையிலேயே உயர்ந்த ரகம். கல்யாண நாளுக்கென்று இவரே தேர்ந்தெடுத்து, ஓரமெல்லாம் பட்டை தீட்டி, இவரே மாட்டியது. அது வாங்கின வெளிச்சத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் இவர் முகத்துக்கு அனுப்பியது. பட்டை தீட்டிய ஓரம் தன் பங்குக்கு ஏழு வண்ணத்தில் மூக்கில் ஒரு கோடு போட்டது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க," என்றாள் மனைவி. "நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கறது ஞாபகம் இல்லையா?"

"உனக்கு ஞாபகம் இருந்துதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும், நான் என்ன கண்ணாடிக் கடையிலயா வேலை பாக்கறேன்?" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பீரோவை நகர்த்தலாம் என்றால் அது ஆணி வைத்துச் சுவரோடு அடித்தது. அடித்தவரும் இவர்தான். தன்னைத் தவிர வேறு யாரையும் திட்ட வழியில்லாத கோபம்தான் கோபங்களிலேயே மோசமானது. அதை அவர் தலையணையில் காட்டினார். தலையணை கிழிந்து பஞ்சு வந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் ஃபிலிம் ரோல் ஒன்று கண்ணில் பட்டது. கார் கண்ணாடிக்கு ஒட்டுகிற கறுப்பு ஃபிலிம். கண்ணாடிக்காரருக்கு முகம் மலர்ந்தது. கறுப்பு! வெளிச்சத்தை விழுங்குகிற நிறம். இதை முதல் நாளே ஏன் யோசிக்கவில்லை? தூக்கம் கெட்டால் மூளையும் கெட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, டீச்சர் வீட்டு ஜன்னலில் வெளிப்பக்கமாக, ஒரு குமிழி கூட விழாமல் ஒட்டினார். டீச்சர் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், துடைக்கத் துணி கொடுத்தார், வாய்க்கு வாய் "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார். பகல் வெயிலில் ஜன்னல் பளபளத்தது. பகலில் எல்லாமே பளபளக்கும்தான் என்று கண்ணாடிக்காரர் கடைக்குத் திரும்பினார்.

கடை வாசலில் முதலாளி நின்றிருந்தார். கையில் அந்த ரோலின் உறை.

"இதுலேருந்து யாரு வெட்டினது?"

"நான்தான் முதலாளி. சம்பளத்துல பிடிச்சுக்குங்க. எதிர்வீட்டு ஜன்னலுக்கு. வெளிச்சம் திரும்பி வராம இருக்க."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ளே இருக்கறவன் வெளியே தெரியாம இருக்கத்தான்யா இந்த ஃபிலிம். வெளியேருந்து பாத்தா முகம் பாக்கற கண்ணாடி. இது தெரியாதா உனக்கு?"

தெரியும். இருபது வருடமாகத் தெரியும். அதே ஃபிலிமை நூறு கார்களுக்கு ஒட்டியவர். கண்ணாடிக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில கண்ணாடி வருது," என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "நல்லாத் தூங்கிட்டு வா. இல்லேன்னா வராதே."

கண்ணாடிக்காரர் வீட்டுக்குத் திரும்பினார். இருட்டத் தொடங்கும் நேரம். தெருவில் திரும்பினதுமே எரிந்துவிட்டது விளக்கு. டீச்சர் ஜன்னலில் இன்னொரு விளக்கு, அசலைவிடப் பளிச்சென்று. அதிலிருந்து கிளம்பின வெளிச்சம் இவர் படுக்கையறைக்குள் போய்ப் பீரோவிலும் பட்டு, வீடே கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

போதும். பொறுமை என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த இடத்தில் தீர்ந்தது.

முனைக் கடையில் நின்றுகொண்டிருந்த எலக்ட்ரீஷியனைக் கண்டார். இந்த லைட்டைப் போட்டவன் அவன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரமாக இவரைக் கண்டாலே அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறான். இன்று தப்ப விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏணியைப் போடு. ஏறு. கழட்டு."

"அண்ணே, வேண்டாம்ணே. சொன்னாக் கேளுங்க."

"கழட்டுறியா, நான் ஏறட்டுமா? நான் ஏறினா கழட்ட மாட்டேன், உடைப்பேன்!"

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறினான். சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வீட்டுக்காரர், டீச்சர், மேல்வீட்டுப் பெரியவர், பேர் தெரியாதவர்கள். எல்லாரும் ஏணியைச் சுற்றி நின்றார்கள். நோயாளியைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி முகம்.

"கழட்ட வேண்டாம்பா," என்றார் வீட்டுக்காரர். "கொஞ்சம் இறக்கிக்கூட வைக்கலாம்."

"எனக்கு இருட்டுன்னா பயம் சார்," என்றார் டீச்சர்.

"நீங்கதான் இருட்டுல தூங்கறீங்களே டீச்சர்! என் ஒருத்தன் மேலதானே வெளிச்சம்!"

"தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன்," என்று மேல்வீட்டுப் பெரியவர் நிஜமாகவே கும்பிட்டார். "அந்த லைட்டு இருக்கட்டும்."

மனைவி படியிறங்கி ஓடி வந்தாள். "என்னங்க, உள்ளே வாங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கா?" கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "நாளைக்கு நான் சுவர் அகலக் கண்ணாடியைத் தூக்கி மாட்டணும்டி! இந்தக் கையைப் பாரு, எப்படி நடுங்குதுன்னு. உடைஞ்சா வேலை போயிடும். இந்த வேலையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? என் தூக்கத்துல என்னடா உங்களுக்கு இத்தனை பகை? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எல்லாரும் பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்ததும் கண்ணாடிக்காரருக்குக் கோபம் திரும்பி வந்து உச்சந்தலையில் ஏறியது. பரிதாபம் யாருக்கு வேண்டும்? ஏணியைப் பிடித்து உலுக்கினார். மேலே எலக்ட்ரீஷியன் விளக்கைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

"யாரு சொல்லிடா போட்டே? பேரைச் சொல்லு!"

"அண்ணே, ஆட்டாதீங்கண்ணே! விழுந்துடுவேன்!"

"தம்பி, சொல்லாதீங்க!" என்றாள் மனைவி, மேலே பார்த்து.

"நீ சும்மா இரு. சொல்லுடா! எந்தப் பாவி இந்த யோசனையைச் சொன்னது? இன்னைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்றேன், அந்த ஆளை இனி ஒரு ராத்திரிகூட நான் தூங்க விடமாட்டேன்!"

எலக்ட்ரீஷியன் ஒரு கையால் விளக்கையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்காரர் மனைவியை ஒரு தடவை பாவமாகப் பார்த்துவிட்டு, கீழே குனிந்து கத்தினான்:

"அதைத்தானே அண்ணே கல்யாணம் ஆன நாள்லேருந்து பண்ணிட்டிருக்கீங்க! நீங்க விடற குறட்டை தாங்காம, மூஞ்சியில வெளிச்சம் பட்டாலாவது ஒருக்களிச்சுப் படுப்பீங்கன்னு, அண்ணியே உங்க தலையணையில தலை வெச்சுப் படுத்துக் கோணம் சொல்லிப் போட வெச்ச லைட்டுண்ணே இது!"